விண்மீனை ஒட்டிச் சுழலும் பெருங்கோள்கள்

இரவு வானத்தில் ஒளிரும் ஒவ்வொரு விண்மீனும் ஒரு ஞாயிறே என்பது இன்று பள்ளிச் சிறாரும் அறிந்த செய்தி. அவ்வாறாயின், நமது ஞாயிற்றைச் சுற்றிப் புவியும் வியாழனும் சனியும் வலம்வருவது போல, ஏனைய ஞாயிறுகளைச் சுற்றியும் கோள்கள் வலம்வருதல் வேண்டுமன்றோ? இவ்வினா மிகப் பழையது. ஆனால் நமது ஞாயிற்றை ஒத்த பிறிதொரு விண்மீனைச் சுற்றி ஒரு கோள் உண்டென்பதற்கு ஐயமற்ற சான்று 1995 ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது. கிடைத்த விடையோ எவரும் எதிர்பார்த்த வடிவிற் கிடைக்கவில்லை. பெரியதொரு கோள், இருக்கவே கூடாது என்று கருதப்பட்ட இடத்தில் இருக்கக் காணப்பட்டது.

ஒரு கோளைத் தொலைகாட்டியால் நேரே பார்த்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். கோளுக்குச் சொந்த ஒளி இல்லை. தன் ஞாயிற்றின் ஒளியிற் சிறு பங்கையே அது திருப்பி வீசுகின்றது. திருவிழாப் பந்தலிற் கண் கூச எரியும் பெற்றோல்மாக்ஸ் விளக்கின் கண்ணாடியை ஒட்டி ஒரு மின்மினி பறந்தால், அரைக் கட்டை தொலைவில் நிற்பவன் அதனைக் காண்பானோ? விண்மீன்களின் தொலைவிலே இவ்விடர் பன்மடங்கு பெருகுகின்றது. ஆகவே மின்மினியைப் பார்ப்பதை விடுத்து, மின்மினியால் விளக்கிற்கு நேரும் மாற்றத்தைப் பார்க்கும் வழியை வானநூலார் நாடினர்.

அவ்வழிகளுள் முதலாவது பின்வருமாறு. கோள் ஞாயிற்றைச் சுற்றுகின்றது என்று நாம் கூறுவது முழு உண்மையன்று. இரண்டும் தமக்குப் பொதுவான ஒரு திணிவு மையத்தையே சுற்றுகின்றன. தந்தை ஒருவர் தம் குழந்தையின் இரு கைகளையும் பற்றிச் சுழற்றும்போது, குழந்தை பெருவட்டத்திற் சுழல, தந்தையும் பின்சாய்ந்து ஒரு சிறுவட்டத்தில் அடிபெயர்ப்பதைக் காணலாம். அதுபோல விண்மீனும் ஒரு சிறுவட்டம் இடுகின்றது. அவ்வட்டத்தில் அது ஒருகால் நம்மை நோக்கி வரும். ஒருகால் நம்மை விட்டு அகலும். நம்மை நோக்கி வரும் புகைவண்டியின் ஊதல் உயர்ந்தும், கடந்து செல்லும் வண்டியின் ஊதல் தாழ்ந்தும் கேட்பது எவ்வாறோ, அவ்வாறே அணுகி வரும் விண்மீனின் ஒளி நிறமாலையில் நீலப் பக்கமாகவும், அகன்று செல்வதன் ஒளி சிவப்புப் பக்கமாகவும் சிறிது பெயர்கின்றது. விண்மீனின் நிறமாலையிற் காணப்படும் நுண்ணிய கருங்கோடுகள் இப்பெயர்ச்சியை அளப்பதற்கு அளவுகோலிற் பொறித்த கோடுகள்போற் பயன்படுகின்றன.

இவ்வாறு கூறுவது எளிது, அளப்பதோ அரிது. வியாழன் புவியைப் போல் ஏறக்குறைய 318 மடங்கு திணிவுடையது. ஆயினும் அது நமது ஞாயிற்றை அசைக்கும் வேகம் ஒரு செக்கனுக்குச் சுமார் பன்னிரண்டரை மீற்றர் மாத்திரமே. ஓட்டப்பந்தய வீரன் ஒருவனின் வேகத்தைவிடச் சற்றே மிகுதி எனலாம். அவ்வசைவும் ஒரு முறை நிறைவுற ஏறக்குறைய 12 ஆண்டுகள் செல்லும். எனவே வேற்று ஞாயிறுகளின் வியாழன்களைத் தேடப் புகுந்தவர்கள், பல்லாண்டுகள் பொறுத்திருந்து அளவெடுக்க ஆயத்தமாயினர். கனடா நாட்டு அறிஞர்களாகிய கோடன் வாக்கர், புரூஸ் கம்பெல் ஆகியோரின் குழுவினர் ஹவாய்த் தீவின் மலையுச்சியிலுள்ள பெருந்தொலைகாட்டி கொண்டு 21 விண்மீன்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் நுணுகி அளந்தனர். விண்மீனின் கோடுகளோடு ஒப்பிட்டு நோக்குதற்கென்று, அதன் ஒளியை நச்சுத்தன்மை மிக்க ஐதரசன் புளோரைட்டு வாயுவினூடே செலுத்தினர். 1995 ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட முடிவு, அவ்விண்மீன்களைச் சுற்றி வியாழனை ஒத்த கோள் எதுவும் புலப்படவில்லை என்பதே.

பெருங்கோள்கள் தம் ஞாயிற்றினின்றும் நெடுந்தொலைவில்தான் இருக்கும் என்னும் நம்பிக்கைக்கு நல்ல காரணம் உண்டு. இளம் விண்மீனைச் சூழ்ந்த வாயுவும் தூசும் நிறைந்த தட்டிலிருந்தே கோள்கள் தோன்றுகின்றன. விண்மீனுக்கு அண்மையில் வெப்பம் மிகுதி; அங்கே நீர் ஆவியாகவே இருக்கும். தொலைவிலே அது உறைந்து பனிக்கட்டியாகும். பாறையோடு பனிக்கட்டியும் திரண்டு பெரிய கரு உண்டானாலன்றிச் சூழவுள்ள வாயுவை ஈர்த்துப் பெருங்கோளாக வளரல் இயலாது. நமது ஞாயிற்றுத் தொகுதியும் இதற்கு இயைய, உள்ளே சிறு பாறைக் கோள்களும் வெளியே பெரு வாயுக் கோள்களுமாக அமைந்துள்ளது. ஒரே ஒரு தொகுதியைக் கண்டு வகுத்த விதி எல்லாத் தொகுதிகளுக்கும் பொருந்தும் என்று நம்பப்பட்டது.

இவ்வாறு நம்பாத ஒருவரும் இருந்தார். உருசிய நாட்டு வானநூற் குடும்பத்திற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஓட்டோ ஸ்ட்ரூவ என்பவர், 1952 ஆம் ஆண்டில் மிகச் சிறியதொரு கட்டுரை வெளியிட்டார். கோள் ஒன்று தன் விண்மீனுக்கு மிக அண்மையில், புவிக்கும் ஞாயிற்றுக்கும் இடைப்பட்ட தொலைவில் ஐம்பதில் ஒரு பங்கிலே இருத்தல் ஏன் கூடாது என்று அவர் வினாவினார். அத்தகைய கோள் ஏறக்குறைய ஒரு நாளில் ஒரு சுற்றை முடிக்கும். வியாழனைப் போலப் பெரியதாயின் தன் விண்மீனை வலிமையாக அசைக்கும். அன்றியும் சில தொகுதிகளில் அது விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே சென்று அதன் ஒளியைச் சிறிது மறைக்கும். ஆகவே அக்காலக் கருவிகளைச் சற்றுச் செம்மைப்படுத்தினாலே அதனைக் கண்டுவிடலாம் என்றார் அவர். எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1963 ஆம் ஆண்டில் ஸ்ட்ரூவ மறைந்தார். அவருடைய கட்டுரை நூலகங்களில் உறங்கிற்று.

நாற்பது ஆண்டுகளுக்கு மேற்சென்றபின், தென் பிரான்சிலுள்ள ஹோத் புரோவான்ஸ் வானாய்வகத்தில் இக்கதை மீண்டுந் தொடங்குகின்றது. சுவிற்சர்லாந்தின் ஜெனீவாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மிசேல் மேயரும், அவரிடம் கலாநிதிப் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டிடியே கெலோ என்னும் மாணவரும், எலோடி எனப் பெயரிய புதியதொரு நிறமாலைக் கருவியை அங்குள்ள 1.93 மீற்றர் தொலைகாட்டியில் இணைத்தனர். 1994 ஆம் ஆண்டில் 142 விண்மீன்களை அளக்கத் தொடங்கினர். அவற்றுள் ஒன்று பெகாசஸ் என்னும் பறக்குங் குதிரைக் கூட்டத்தைச் சேர்ந்த 51 ஆம் விண்மீன். தமிழர் பூரட்டாதி என வழங்கும் இரு விண்மீன்களுக்கும் இடையே, சிறிது மேற்காக, ஏறக்குறைய 50 ஒளியாண்டுத் தொலைவில் அது உள்ளது. நிலவில்லாத இரவிலே, நகர விளக்குகள் இல்லாத இடத்திலே, கூர்ந்து நோக்குவார்க்கு வெறுங் கண்ணாலும் அது புலப்படும்.

அவ்விண்மீனின் வேகம் ஓரிரவுக்கு ஓரிரவு மாறுவதைக் கெலோ கண்டார். பேராசிரியர் அப்போது ஹவாயில் இருந்தார். தம் கருவியிலோ கணக்கிலோ பிழை நேர்ந்துவிட்டது என்றே மாணவர் முதலில் அஞ்சினார். பிழை எதுவும் அகப்படவில்லை. விண்மீன் செக்கனுக்கு ஐம்பது மீற்றருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் முன்னும் பின்னும் அசைந்தது. ஒவ்வோர் அசைவும் 4.23 நாள்களில் நிறைவுற்றது. இவ்வளவு குறுகிய காலத்திற் சுற்றும் கோள் தன் விண்மீனினின்றும் ஏறக்குறைய 80 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலேயே இருத்தல் வேண்டும். நமது ஞாயிற்றுக்கு மிக அண்மையிலுள்ள புதனோ 580 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. அன்றியும் அக்கோளின் திணிவு வியாழனின் திணிவிற் பாதிக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்றும் கணக்குக் காட்டிற்று. வெப்பமோ ஆயிரம் பாகை செல்சியஸ் அளவினது.

இருவரும் உடனே இதனைப் பறைசாற்றவில்லை. 1995 ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் அவ்விண்மீன் ஞாயிற்றின் திசையிற் சென்று மறைந்திருந்தது. அது மீண்டும் வானில் தோன்றும் யூலை மாதத்தில் எந்த இரவில் எவ்வேகம் காட்டும் என்பதை முன்னரே கணித்து வைத்துக்கொண்டு காத்திருந்தனர். யூலையில் எடுத்த அளவுகள் கணிப்போடு ஒத்தன. அதன்பின்னரே, ஒற்றோபர் மாதத்தில், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் நடைபெற்ற மாநாடொன்றில் மேயர் செய்தியை வெளியிட்டார். அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் ஜெவ்ரி மார்சி, போல் பட்லர் ஆகிய இருவரும் சில நாள்களுள் அதே விண்மீனை அளந்து, செய்தி மெய்யே என உறுதிசெய்தனர்.

மார்சியும் பட்லரும் பல ஆண்டுகளாகவே விண்மீன்களின் வேகத்தை அளந்து வந்தவர்கள். ஆனால் பன்னிரண்டு ஆண்டுக் கோள்களை எதிர்பார்த்திருந்தமையால், நான்கு நாட் கோள் ஒன்றிருக்குமென்று எண்ணித் தம் அளவுகளை அவர்கள் உடனுக்குடன் கணித்துப் பார்த்திலர். காணாமற்போன யானையைக் குடத்துக்குள்ளும் தேடுவார்கள் என்று நம்மவர் ஏளனமாகச் சொல்வதுண்டு. இங்கே யானை குடத்துக்குள்ளேதான் இருந்தது. குடத்தை எட்டிப் பார்ப்பதே மடமை என்று கருதியமையால் அது காணப்படாதிருந்தது.

செய்தி வெளியானதும் ஐயங்களும் எழுந்தன. அசைவது விண்மீன்தானா, அல்லது அதன் மேற்பரப்பு நெஞ்சுபோல் விம்மித் தணிகின்றதா? 1997 ஆம் ஆண்டில் டேவிட் கிறே என்னும் கனடா நாட்டு அறிஞர், அவ்விண்மீனின் நிறமாலைக் கோடுகளின் வடிவமே மாறுகின்றதென்றும், ஆதலின் அங்கே கோள் இல்லையென்றும் வாதிட்டார். அடுத்த ஆண்டு, செம்மையான புதிய அளவுகளை ஆராய்ந்தபின், அம்மாற்றம் காணப்படவில்லை என்று அவரே எழுதினார். ஐயுற்றவரே அவ்வையத்தைத் தீர்த்தும் வைத்தார்.

எஞ்சிய ஐயத்தையும் 1999 ஆம் ஆண்டு போக்கிற்று. கோளின் ஒழுக்கு நம் பார்வைத் திசையோடு ஒத்திருக்குமாயின், ஒவ்வொரு சுற்றிலும் அக்கோள் விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே செல்லும். 2004 ஆம் ஆண்டிலும் 2012 ஆம் ஆண்டிலும் வெள்ளி ஞாயிற்றின் முகத்தைக் கடந்ததை இலங்கையர் பலர் கண்டனர். அத்தகைய கடப்பே இது. ஆயினும் வேற்று விண்மீனின் முகத்திற் கரும்பொட்டை நாம் காண இயலாது. ஒளி சிறிது குன்றுவதையே அளக்கலாம். பெகாசஸ் கூட்டத்திலேயே உள்ள எச்.டி. 209458 என்னும் விண்மீனை ஒரு கோள் மூன்றரை நாளுக்கு ஒரு முறை சுற்றுவது வேக அளவுகளால் தெரிந்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில், டேவிட் சார்பொனோ என்னும் ஆராய்ச்சி மாணவரும் ரிமதி பிறவுண் என்னும் அறிஞரும், பத்துச் சதமமீற்றர் விட்டமேயுள்ள சிறு தொலைகாட்டி ஒன்றினால் அவ்விண்மீனை நோக்கினர். குறித்த நேரத்தில் ஒளி நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு குன்றி, ஏறக்குறைய மூன்று மணித்தியாலத்தின்பின் மீண்டது. கிரெகரி ஹென்றி என்பவரும் தனியே இதனைக் கண்டார். ஸ்ட்ரூவ 1952 இல் எதிர்பார்த்த மறைப்பு இதுவே.

வேகம் ஒன்றைத் தருகின்றது. மறைப்பு மற்றொன்றைத் தருகின்றது. விண்மீன் எவ்வளவு வேகமாக அசைகின்றது என்பதால் கோளின் திணிவை அறியலாம். எவ்வளவு ஒளி மறைகின்றது என்பதால் அதன் விட்டத்தை அறியலாம். இரண்டையும் அறிந்தால் அடர்த்தியை அறிதல் எளிது. எச்.டி. 209458 இன் கோள் வியாழனிலும் திணிவிற் குறைந்தது. ஆனால் விட்டத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பெரியது. அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் அரைப் பங்குக்கும் குறைவு. வெப்பத்தால் ஊதிப் பருத்த வாயு உருண்டை அது என்பது இவ்வாறு வெளிப்பட்டது. கடப்பின்போது விண்மீனின் ஒளியிற் சிறு பகுதி கோளின் வளிமண்டலத்தினூடே வடிகட்டப்பட்டு வருகின்றது. அவ்வொளியை ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியால் ஆராய்ந்த சார்பொனோவும் துணைவரும், அங்கே சோடியம் உண்டென்பதை 2001 ஆம் ஆண்டில் அறிவித்தனர். வேற்று ஞாயிற்றின் கோளொன்றிற் காற்று உண்டென்பதற்குக் கிடைத்த முதற் சான்று அது.

இத்தகைய ஆராய்ச்சிக்கு விண்மீன் ஒளி மிக்கதாயிருத்தல் இன்றியமையாதது. விண்மீனின் ஒளி துளித்துளியாகவே கருவியில் வந்து வீழ்கின்றது. முற்றத்திற் பாத்திரம் வைத்து மழைத்துளிகளை எண்ணுகின்றோம் என்று கொள்வோம். பத்துத் துளி விழுமிடத்து ஒன்று குறைந்தால் அது தற்செயலாயிருக்கலாம். பத்து இலட்சம் துளி விழுமிடத்து நூற்றுக்கு ஒன்று குறையுமாயின் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும். மங்கிய விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டுபிடித்தல் கூடும். ஆனால் அதன் திணிவையும் காற்றையும் அறிதற்கு வேண்டிய ஒளி அங்கே கிடைப்பதில்லை.

ஒளி மிக்க விண்மீன்களோ வானம் எங்கும் சிதறிக் கிடக்கின்றன. பெருந்தொலைகாட்டி வானத்தின் ஒரு சிறு மூலையையே ஒருமுறையிற் காணும். அன்றியும் ஞாயிற்றை ஒத்த விண்மீன்கள் நூற்றுள் ஒன்றில்தானும் இவ்வாறு ஒட்டிச் சுழலும் பெருங்கோள் காண்பது அரிது. அவ்வாறுள்ள பத்துக் கோள்களுள்ளும் ஏறக்குறைய ஒன்றே நம் பார்வைக்குக் குறுக்கே கடக்கும். ஆகவே ஒரு கோளைப் பிடிக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களை இரவுதோறும் நோக்குதல் வேண்டும். இங்கே சிறுமையே பெருமையாயிற்று. புகைப்படக்காரர் பயன்படுத்தும் கமரா வில்லைகள் பரந்த வானத்தை ஒருங்கே காண வல்லன. வாஸ்ப் என்னும் பிரித்தானியத் திட்டத்தினர் கனாரித் தீவுகளின் லா பால்மாவிலும் தென்னாபிரிக்காவிலும் இடத்துக்கு எட்டு வில்லைகளாக நிறுத்தி, ஏறக்குறைய 200 கோள்களைக் கண்டுபிடித்தனர். அமெரிக்க அறிஞர்கள் அமைத்த கெல்ற் என்னும் கருவியின் வில்லை 42 மில்லிமீற்றர் விட்டமே உடையது. மிகமிகச் சிறிய தொலைகாட்டி என்னும் பொருள்படவே அதற்குப் பெயரும் வைத்தனர். 2018 ஆம் ஆண்டில் விண்ணில் ஏவப்பட்ட தெஸ் என்னும் செய்மதியும் பத்துச் சதமமீற்றர்க் கமராக்கள் நான்கினையே தாங்கிச் சென்றது.

ஒளி குன்றுவதெல்லாம் கோளாலன்று. ஒளி மிக்க விண்மீனுக்குப் பின்னால், நெடுந்தொலைவில், ஒன்றையொன்று மறைக்கும் மங்கிய இரட்டை விண்மீன் ஒன்றிருந்தாலும் அதே தோற்றம் உண்டாகும். எனவே சிறு வில்லை காட்டிக்கொடுத்ததைப் பெருந்தொலைகாட்டியின் வேக அளவு உறுதிசெய்தல் வேண்டும். ஆனால் ஞாயிற்றிலும் மிக வெப்பமான விண்மீன்களில் அவ்வழியும் இடர்ப்படுகின்றது. அவை பெரும்பாலும் கடுவேகத்தில் தம்மைத் தாமே சுற்றுவன. ஆதலின் அவற்றின் நிறமாலைக் கோடுகள் தண்ணீர் பட்ட மையெழுத்துப்போற் பரந்துவிடும்.

அங்கே வேறொரு வழி கைகொடுத்தது. சுழலும் விண்மீனின் ஒரு பாதி நம்மை நோக்கி வர, மறு பாதி அகல்கின்றது. கடக்கும் கோள் எப்பகுதியை மறைக்கின்றதோ, அப்பகுதியின் ஒளி மட்டும் பரந்த கோட்டினுள்ளே குறைகின்றது. கோள் நகர நகர அந்நிழலும் கோட்டினுள் நகர்கின்றது. 2010 ஆம் ஆண்டில் வாஸ்ப்-33 என்னும் விண்மீனின் கோள் இவ்வாறே உறுதிசெய்யப்பட்டது. விண்மீன் சுழலும் திசைக்கு எதிர்த்திசையிலே அக்கோள் ஓடுவதும் அந்நிழலாலேயே தெரிந்தது. 2017 இல் அறிவிக்கப்பட்ட கெல்ற்-9 இன் கோள் இன்னும் வியப்பானது. அதன் விண்மீனின் மேற்பரப்பு ஏறக்குறைய 10,000 பாகை வெப்பமுடையது. கோளின் பகற்புறமோ 4,000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமுடையது; பல விண்மீன்களின் மேற்பரப்பே அவ்வளவு வெம்மையானதன்று. அதன் காற்றில் இரும்பும் தைத்தேனியமும் ஆவியாய் உலாவுவதை 2018 இல் அறிஞர்கள் கண்டனர்.

இப்பெருங்கோள்கள் இவ்வளவு அண்மைக்கு வந்தது எவ்வாறு? பெரும்பாலானவை தொலைவிலே தோன்றிப் பின்னர் உள்நோக்கி நகர்ந்தன என்பதே பெருவழக்கான கருத்து. பிறந்த தட்டின் வாயுவே அவற்றைச் சிறிது சிறிதாக உள்ளே செலுத்தியிருக்கலாம். அல்லது வேறொரு கோளோ விண்மீனோ ஈர்த்து அலைக்க, நீள்வட்டமாகிய ஒழுக்கு விண்மீனின் அருகே வந்து வந்து இறுதியிற் சுருங்கியிருக்கலாம். எதிர்த்திசையில் ஓடுவனவும் துருவங்களின் மேலாகச் செல்வனவும் இரண்டாவது கருத்துக்கு ஆதரவாகின்றன. சில கோள்களின் பயணம் இன்னும் முடியவில்லை. வாஸ்ப்-12 இன் கோள் தன் விண்மீனை 26 மணித்தியாலத்திற் சுற்றுகின்றது. அக்காலம் ஆண்டுதோறும் ஒரு செக்கனின் ஆயிரத்தில் 29 பங்களவு குறைந்து வருகின்றது. இவ்வாறே சென்றால், ஏறக்குறைய 30 இலட்சம் ஆண்டுகளில் அது விண்மீனோடு கலந்துவிடும்.

51 ஆம் விண்மீனின் கோளைக் கண்ட மேயருக்கும் கெலோவுக்கும் 2019 ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபல் பரிசின் ஒரு பாதி வழங்கப்பட்டது. அதே ஆண்டில் அனைத்துலக வானியற் சங்கம் நாடுகளுக்குத் தலைக்கு ஒரு கோளைப் பெயரிடும் உரிமையை வழங்க, எச்.டி. 205739 என்னும் விண்மீனுக்குச் சமாதானம் என்னும் பொருளிற் சாமய என்றும், அதன் பெருங்கோளுக்கு ஒற்றுமை என்னும் பொருளிற் சமகிய என்றும் இலங்கை பெயர் சூட்டியது. அக்கோள் விண்மீனை ஒட்டிச் சுழல்வதன்று. ஒரு சுற்றுக்கு 280 நாள் கொள்வது. வேற்று ஞாயிறுகளின் கோள்கள் 2022 ஆம் ஆண்டில் 5,000 என்னும் எண்ணிக்கையைக் கடந்தன. அவற்றுள் ஒட்டிச் சுழலும் பெருங்கோள்கள் ஒரு சிறு தொகையினவே. எனினும் அவை எளிதில் அகப்படத்தக்கவையாதலின் முதலில் அகப்பட்டு, பின்வந்த தேட்டங்கள் அனைத்திற்கும் வழிதிறந்தன.

அவ்வழி 1952 ஆம் ஆண்டிலேயே திறந்திருத்தல் கூடும். ஸ்ட்ரூவ கூறிய கோள்கள் அன்றும் தம் விண்மீன்களைச் சுற்றிக்கொண்டேயிருந்தன. அவற்றை நாடும் நாட்டமே அன்று இல்லாதிருந்தது. நமக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு தெரியாத அனைத்தையும் அளந்துவிட முயலும் இயல்பு மாந்தர்க்குப் பொதுவானது; அறிஞரும் அதற்கு விலக்கல்லர். கருவியில் எதிர்பாராத அளவொன்று தோன்றியபோது, அதனைப் பிழையென்று ஒதுக்கிவிடாமலும், உடனே மெய்யென்று பறைசாற்றாமலும், மீண்டும் யூலை மாதம் வரும்வரை பொறுத்திருந்த அம்மாணவரின் நிதானமே நாற்பது ஆண்டு மறதியைத் துடைத்தது.